வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர் நகரச் சிவன் கோயில் காரியக்காரர்களுக்கும், கும்பாபிஷேகத் திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊர்க் கோயிலுக்குக் கொடுத்துவரும் நகரத்தார் பெருமக்களுக்கும் வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் திருப்பணிக் குழுவிலிருந்து ஒரு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆச்சி பேருல நந்தவனத்து வாசல்ல கருங்கல் பலகை ஒண்ணு வைக்கிறோம்மா. நீங்க டீச்சரு, ஆச்சிகிட்ட பாட்டுப் படிச்சவுக. நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். காப்பி குடித்துவிட்டு எழும்போது, கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நந்தவனத்தைச் சமப்படுத்தி, பேவர் பிளாக் பதித்து, கார் நிறுத்த இடம் செய்யப்போவதையும் சொன்னார். அவர் மனதில் கள்ளம் இல்லை. இரண்டுமே அவருக்குக் கோயில் வேலைதான்.

மூன்று நாள் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆச்சி வைத்த செடியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் ஆச்சி பெயரைக் கல்லில் நடுவதற்கு எனக்கு வாசகம் வரவில்லை. அதனால்தான், ஆச்சி விட்டுப்போன நந்தவனத்துக்காகவும் அவர் நடத்திய வெள்ளிக்கிழமைப் பாட்டுக்காகவும் இந்த மடல். நாலு வரி கேட்டீர்கள், நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

உங்களில் பலர் ஆச்சியை வருஷத்துக்கு இரண்டு தடவை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் வரும்போது பார்த்திருப்பீர்கள். எனக்கு அவர் அன்றாடம். என் அம்மா ஆச்சி வீட்டு மூன்றாங்கட்டில் மாவு இடிக்கப் போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஆச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏத்தா, படியில என்ன காவலா? உள்ள வா. இந்த நோட்டப் பிடி, நான் சொல்றத எழுது. எனக்குக் கண்ணாடி உடஞ்சு போச்சு" என்றார். எழுதச் சொன்னது ஒரு பதிகம். ஒவ்வொரு வரியையும் பாடிக் காட்டிவிட்டு எழுதச் சொன்னார். எழுதி முடிக்கும்போது எனக்குப் பாடவும் வந்துவிட்டது. கண்ணாடி உடையவே இல்லை என்று பத்து வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த வீட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரும் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அதற்கும் பின்னால் தொழுவம், தோட்டம். 14 பங்கு. பர்மாவில் சம்பாதித்த காலத்தில் கட்டியது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது பாதிப் பேர் போட்டது போட்டபடி கிளம்பி வந்து சேர்ந்த வீடு. ஆச்சி அங்கே மருமகளாக வந்து இறங்கியபோது 19 வயது. கடைசிக் காலத்தில் பங்காளிகள் எல்லோரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட, வருஷம் முழுக்க விளக்கேற்றியவர் அவர் ஒருவர்தான்.

பழைய பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தார். அதில் எல்லாப் பங்காளிகளின் அறைச் சாவியும் இருக்கும். ஒவ்வொரு சாவியிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருப்பார். அந்தந்தப் புள்ளியின், அதாவது தம்பதியின், கல்யாணத்துக்கு எடுத்த புடவையில் மிஞ்சிய துண்டு அது. அரக்கு என்றால் பெரியவர் வீட்டுச் சாவி; மயில் கழுத்து நிறம் என்றால் மூன்றாவது கொழுந்தனார் வீட்டுச் சாவி. மாதம் பிறந்தால் 14 அறையையும் திறந்து, ஜன்னலைத் திறந்து, காற்று வாங்க விட்டு, சாயங்காலம் பூட்டுவார். கரையான் ஏறாமல் பார்ப்பார். யாரும் கேட்டதில்லை, யாரும் கூலி கொடுத்ததில்லை. மாமியார் படுக்கையில் விழுந்து 11 வருஷம் இருந்தார்கள். அந்த 11 வருஷமும் ஆச்சி ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தன் மகளின் பேறுகாலத்துக்குக்கூட மகளை இங்கே கூட்டிக்கொண்டு வந்துதான் பார்த்தார்.

கணவர் தவறியபோது ஆச்சிக்கு நாற்பதுகூட நிறையவில்லை. அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மங்கல காரியம் நடக்கும் இடத்தில் முன்னால் நிற்க மாட்டார். அதையெல்லாம் எதிர்த்துப் பேசியும் நான் கேட்டதில்லை. ஆனால் கோயில் மண்டபத்தில் பாடுவதற்குப் பாய் விரித்தபோது, முதல் வரிசையைத் தன்னைப் போன்றவர்களுக்கென்றே வைத்தார். "இங்க பொட்டும் பூவும் கணக்கில்ல. தொண்டைதான் கணக்கு" என்பார்.

நந்தவனத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

நம் மண் செம்மண். ஒரு முழம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டும். கோடையில் மண்வெட்டியே துள்ளும். அதில் பூச்செடி வைப்பது சாமானியம் இல்லை. ஆச்சி வந்தபோது அந்த இடத்தில் இரண்டு செவ்வரளியும் ஒரு வில்வமும்தான் நின்றனவாம். கோடையில் ஊரணி வற்றும்போது அடியில் படிந்த வண்டலை வண்டி வைத்து அள்ளிவந்து குழிகளில் நிரப்பினார். தொழுவத்துச் சாணம், வேப்பம்புண்ணாக்கு, வண்டல். மூன்றையும் கலந்து குழியை ஒரு மாதம் ஆறப்போட்டு, ஆடி மழை ஒன்று விழுந்ததும் செடி வைப்பார். வருஷம் ஒரு தடவை, ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிமார் இந்தப் பக்கம் வரும்போது, நந்தவனத்துப் பின்புறம் இரண்டு ராத்திரி கிடை போடச் சொல்லி நெல் கொடுப்பார்.

தண்ணீர் அவருக்கு எப்போதும் கணக்குத்தான். வாய் குறுகிய மண்பானையின் அடியில் சிறு துளை போட்டு, அதில் துணித் திரியைச் செருகி, பானையைச் செடியின் வேருக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்துவிடுவார். பானையை ஒரு தடவை நிரப்பினால் மூன்று நாள் தாங்கும். மேல்மண் காய்ந்தே கிடக்கும், வேர் மட்டும் குளிர்ந்திருக்கும். இன்றைக்கும் அங்கே 31 பானை புதைந்திருக்கிறது. பொக்லைன் விட்டால் முதலில் உடைவது அவைதான்.

பவழமல்லி அடியில் ராத்திரி ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுப் போவார். விடிவதற்கு முன் அத்தனை பூவும் அதில் உதிர்ந்து கிடக்கும். மற்றப் பூ கீழே விழுந்தால் சாமிக்கு ஆகாது. பவழமல்லி ஒன்றுதான் உதிர்ந்த பிறகு எடுக்கிற பூ. வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கும்போது ஆரஞ்சுக் காம்பெல்லாம் ஒரு பக்கமாகச் சரியும். அந்த நேரத்து வாசனையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. திங்கட்கிழமையும் அமாவாசையும் வில்வம் பறிக்க மாட்டார். முந்தின நாளே பறித்து ஓலைக் கொட்டானில் ஈரத்துணி சுற்றி வைப்பார். நந்தியாவட்டை, செம்பருத்தி, மருக்கொழுந்து, சுவரோரம் தும்பை. தும்பையை மற்றவர்கள் களை என்று பிடுங்குவார்கள். ஆச்சி அதைச் சுற்றிக் கல் அடுக்கிக் காப்பாற்றுவார்.

வடகிழக்கு மூலையில் ஆவாரஞ்செடிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கவனித்தீர்களா? முன்பு ஆவாரம்பூவை யாரும் நட்டு வளர்த்ததில்லை. காரைக்குடி ரோட்டோரம் முழுக்கக் காடாகக் கிடக்கும். பொட்டலெல்லாம் பிளாட் ஆன பிறகு பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூ தேடி ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஆச்சி விதை கொண்டுவந்து அந்த மூலையில் போட்டார். திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், 21 இழைத் திரியை மாவில் வைத்து நெய்விட்டு ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிற நோன்பு அது. உங்கள் நோன்பு. நான் அந்த வழியில் பிறந்தவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வளவில் நிற்க எனக்கு இடம் உண்டு. ஊரில் இருக்கும் வீடுகளுக்கும், கடைசி நேரத்தில் காரில் வந்து இறங்கும் வீடுகளுக்கும் ஆச்சி ஆவாரம்பூவைச் சிறு கட்டாகக் கட்டி அனுப்புவார். போன நோன்புக்கு உங்கள் நடுவீட்டில் வைத்த பூ அந்த மூலையில் பூத்ததுதான். ஆச்சி தவறிய பிறகு வந்த முதல் நோன்பு என்பதால் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள். செக்கடிப் பொட்டல் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அதைச் செதுக்கிச் சமப்படுத்தினால் போதும். இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் முன்னோர் இந்த ஊரைப் போட்டபோது ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, முற்றத்திலிருந்து தெரு வாய்க்காலுக்குப் போய், வாய்க்காலிலிருந்து ஊரணிக்குச் சேரும்படி போட்டார்கள். தண்ணீர் இல்லாத பூமியில் ஒரு சொட்டைக்கூட வீணாக்காத ஊர் அமைப்பு. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது மாளிகைகளுக்காக மட்டும் இல்லை. அந்த ஊரின் நடுவில், கோயிலை ஒட்டி, மழை இறங்குகிற கடைசி மண்ணையும் சிமெண்டுக் கல்லால் மூட வேண்டுமா?

நந்தவனத்து வாசலில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. தினம் எட்டுக் குடம். ஊர் மாடு, மேய்ச்சலுக்குப் போகிற புலிக்குளம் மாடு, ஆடு, தெருநாய், மயில் எல்லாம் அதில்தான் தண்ணீர் குடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் தேய்த்துக் கழுவி உள்பக்கம் சுண்ணாம்பு பூசுவார், பாசி பிடிக்காது. தொட்டியின் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டை கிடக்குமே, அதைப் பல பேர் குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அணிலோ குருவியோ தவறி உள்ளே விழுந்தால் ஏறி வருவதற்காக ஆச்சி போட்டது. எடுத்துப் போட்டால் அவரே தேடிக் கொண்டுவந்து திரும்பப் போடுவார். சத்தம் போட மாட்டார்.

ஆச்சி பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம், கொள்ளுக்குடிப்பட்டிக்கு அருகில். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1977இல். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்தக் கண்மாய்க்கரைச் சனங்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி நாரைகள் கலைந்துவிடக் கூடாது என்று இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடிச் சத்தமே கேட்காத தீபாவளியில் வளர்ந்த பெண் அவர். "சத்தம் போட்டா அதுக போயிரும். போனா வராது" என்று சொல்லியே வளர்த்தார்களாம். கோயில் தெரு நாய்களை ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். ஆட்டோக்காரர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு அவரே ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

இனி பாட்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு முன்மண்டபத்தில் பாய் விரிப்போம். தேவாரம் கொஞ்சம், திருவாசகம் அதிகம். மார்கழியில் விடியற்காலை திருவெம்பாவை 20 பாட்டு. வருஷம் ஒரு நாள் முற்றோதல், திருவாசகத்தின் 51 பதிகமும் காலையில் தொடங்கி இருட்டுவதற்குள். மாணிக்கவாசகர் இறைவனைக் கண்ட ஆவுடையார்கோயில் நமக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான் என்பது ஆச்சிக்குப் பெரிய பெருமை. வேன் பிடித்து எங்களை அழைத்துப் போவார். அங்கே கருவறையில் உருவம் கிடையாது. சுடச்சுடச் சோற்றைக் கல்லில் கொட்டுவார்கள், எழும்புகிற ஆவிதான் நிவேதனம். அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே நின்று, "நம்ம பாட்டும் அப்பிடித்தான் இருக்கணும். போறது தெரியணும், யாரு பாட்டுன்னு தெரியக் கூடாது" என்றார்.

அதுதான் அவர் பாடம். கூட்டத்தில் ஒரு குரல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் பாட்டை நிறுத்திவிடுவார். நல்ல குரல் என்றாலும் நிறுத்துவார். எனக்குக் கொஞ்சம் குரல் வளம் உண்டு. அதனாலேயே அதிகம் நிறுத்தப்பட்டவள் நான். "உன் சத்தம் எனக்குக் கேக்குதாத்தா. பக்கத்துல உக்காந்திருக்கிற அக்கா சத்தம் உனக்குக் கேக்குதா?" என்பார். கேட்காவிட்டால் குரலைக் குறைக்க வேண்டும். பக்கத்துக் குரல் காதில் விழுகிற அளவுக்குத்தான் பாட வேண்டும். ஐந்து கட்டைச் சுருதியில் தாராளமாகப் பாடக்கூடியவர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஆனால் எழுபது வயது தாண்டியவர்களுக்கு மேலே எட்டாது என்று சுருதிப் பெட்டியில் எப்போதும் நாலுக்கு மேல் வைக்க மாட்டார்.

இன்னொரு பாடம் மூச்சு. "எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு எடுக்காதிக. எடுத்தா பாட்டு அந்துபோகும். பக்கத்துல உள்ளவ எடுக்கிறப்ப நீ பிடிச்சுக்க, நீ எடுக்கிறப்ப அவ பிடிப்பா" என்பார். 23 பேர் அப்படிப் பாடும்போது மண்டபத்தில் ஒரு நூல் அறுபடாமல் ஓடும். அதற்குள் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நம் மூச்சு தீரும் இடத்தில் பாட்டு நிற்கவில்லை, வேறு யாரோ தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தொண்டையில் தெரியும், நெஞ்சில் தெரியும்.

எங்களில் ஒருவருக்குப் பேச்சு திக்கும். கடையில் போய்ப் பருப்புக் கேட்பதற்கே தவிப்பார். பாட்டில் ஒரு திக்கல் வராது. வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம்தான் நான் முழுசாப் பேசுற நேரம் என்று அவரே என்னிடம் எழுதிக் காட்டியிருக்கிறார். இன்னொருவர், மகனைப் பறிகொடுத்தவர். துக்கம் நடந்து மூன்றாம் மாதம் ஆச்சி அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். பாடு என்று சொல்லவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. நாலு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று ஆச்சி கண்ணாலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஐந்தாம் மாதம் ஒரு நாள், பதிகத்தின் நடுவில், எனக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்து சேர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆச்சியும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வரியைத் தொடங்கும்போது சுருதிப் பெட்டியை இன்னும் மெதுவாக அமுக்கினார்.

2020இல் கோயில்களைப் பூட்டினார்கள். முதல் வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு ஆச்சி தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒற்றைக் குரலில் தொடங்கினார். எதிர்த் திண்ணையில் ஒருவர் சேர்ந்தார். தெருக்கோடியில் நான் சேர்ந்தேன். வண்டி வாகனம் ஒன்றும் ஓடவில்லை. அவ்வளவு அமைதியில் தெரு முழுக்கப் பாட்டு தானாகக் கைமாறிப் போயிற்று. அந்த வருஷம் ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை.

மைக் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போதைய காரியக்காரர்கள் பலமுறை சொன்னார்கள். ஆச்சி ஒரு தடவைகூட ஒப்பவில்லை. "மைக்கு யாருக்கு முன்னாடி இருக்கோ அவ சத்தம்தான் போகும். மத்தவுக சும்மா வாயசைப்பாக. அப்பறம் அதுவும் நின்னுரும்" என்றார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று.

ஆச்சி போன ஆவணியில் தவறினார். ஐப்பசியில் கோயில் மதிலின் நாலு மூலையிலும் குழாய் ஒலிபெருக்கி ஏறியது. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை பதிவு செய்த பக்திப் பாட்டு. வெளிநாட்டிலிருக்கும் ஒரு அன்பர் மனமுவந்து வாங்கிக் கொடுத்தது என்று கேள்விப்பட்டேன். அவருடைய பக்தியை நான் வணங்குகிறேன். தான் இல்லாத ஊரில் பாட்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் அவர் ஆசைப்பட்ட பாட்டு அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் வெள்ளி, எங்களுக்குச் சுருதியே கேட்கவில்லை. நாங்கள் குரலை உயர்த்தினோம். உயர்த்தியதும் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. வயதானவர்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வாரம் 14 பேர். மார்கழியில் ஒன்பது. போன வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தோம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாயைச் சுருட்டினோம். பேச்சு திக்குபவர் இப்போது வருவதில்லை. அர்ச்சகரிடம் சொன்னேன், காரியக்காரரைக் கேளுங்கள் என்றார். மேலாளரிடம் சொன்னேன், கொடுத்தவர் மனம் வருந்தும் என்றார். ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். விதியைத் தூக்கிக்கொண்டு நான் காவல் நிலையத்துக்குப் போக மாட்டேன். என் கோயில் அது. உங்களிடம்தான் கேட்பேன்.

தமிழில் பாட வேண்டும், தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தபோது அதற்கு முன்னின்றவர் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். பாட்டுக்காக அவ்வளவு செய்த வழியில் வந்தவர்கள் நீங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் 23 பெண்கள் தமிழ்த் திருமுறையை வாயால் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். காதால் கேட்டே அத்தனை பதிகத்தையும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள். அந்தப் பாட்டு இயந்திரத்தில் இல்லை. அவர்கள் நிறுத்திவிட்டால் திரும்ப எடுக்க இடம் கிடையாது.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். வெள்ளிக்கிழமை ஐந்தரையிலிருந்து ஏழரைவரை ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். மார்கழி முழுக்கக் காலையிலும் நிறுத்தி வையுங்கள். சுவிட்ச் மடப்பள்ளிக் கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. தீபாராதனை நேரத்தில் மின்மேளம் அடிக்கட்டும், அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. நந்தவனத்தை நந்தவனமாகவே விடுங்கள். தண்ணீர் ஊற்றுவதை நாங்கள் நாள் பிரித்து எடுத்துக்கொள்கிறோம். திங்கள், செவ்வாய் என் வீட்டுப் பொறுப்பு. ஆட்டோக்காரர் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மீதி நாளுக்கும் ஆள் இருக்கிறது. தொட்டிக்குச் சுண்ணாம்பு நான் வாங்குகிறேன்.

கருங்கல்லுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாயிற்று என்றும் அந்த அண்ணன் சொன்னார். அது வீணாக வேண்டாம். பலகையாக அறுக்காமல், ஆள் இடுப்பு உயரத்துக்குத் தூணாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். மேலே பளபளப்பு ஏற்ற வேண்டாம், சொரசொரப்பாகவே இருக்கட்டும். கல்தொட்டிக்குப் பக்கத்தில் ஆழக் குழி தோண்டி நட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம், வாசகம் வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு மாடு உடம்பைச் சொறிந்துகொள்ளட்டும். ஆவுரிஞ்சு தறி நாட்டுவது முப்பத்திரண்டு அறங்களில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆச்சி அதைப் பற்றி ஒரு முறை என்னிடம் பேசியிருக்கிறார். மதில் மூலையில் மாடு உரசி உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்ததை யாரோ குறை சொன்னபோது, "பாவம், அதுக்கு ஒரு கல்லு இல்லாமத்தான மதில்ல உரசுது" என்றார்.

நந்தவனத்துச் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆச்சி தன் மகளிடம் சொல்லிக் கொடுத்தனுப்பியது. அதிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருக்கிறது. வெளிர்மஞ்சள், ஓரத்தில் சிவப்புக் கரை. எந்தப் புள்ளியின் புடவை என்று ஆச்சியின் மகளுக்கும் தெரியவில்லை. என் அம்மாவிடம் காட்டினேன். "உன் கல்யாணத்துக்கு ஆச்சி எடுத்துக் குடுத்த கண்டாங்கியில கிழிச்சது" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குப் பாய் விரிக்கிறோம். காரியக்காரர்கள் யாராவது ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் போய்ச் சொல்லியிருக்கிறேன். திக்கிப் பேசுபவர் கதவைத் திறந்து, சுவிட்சை அணைப்பார்களா என்று சைகையில் கேட்டார். கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஆச்சியிடம் பாடம் கேட்டவள்,
கோயில் தெருக்கோடி வீடு.